வீட்டு உரவாளியும் திருஷ்டிப் பூசணியும்: மேல்மலையனூரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓட்டை போட்ட வாளியில் காய்கறித் தோலையும் சருகையும் மாற்றி மாற்றிப் போட்டு வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் உரமாகிவிடும். இது ஊரறிந்த செய்தி. ஊரறிந்த செய்தியை ஊருக்கே விளங்காதபடி எழுதினால்தான் ஆய்வு என்று துறைசார்ந்தோர் கருதுவதால் இக்கட்டுரை தேவையாயிற்று.

ஆய்வு எல்லை: கிழக்கே துணி துவைக்கும் கல், மேற்கே முருங்கை மரம்.

கருதுகோள்: நாறும்.

முன்னாய்வுகள்: ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்துகொண்டு, சருகு, சாணம், தொழுவத்துக் குப்பை ஆகியவற்றை அடுக்கிக் கிளறி உரமாக்கும் முறையை வகுத்தார். 1931இல் அது நூலாகவும் வந்தது. இந்திய உழவர்களைத் தம் ஆசிரியர்கள் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். எங்கிருந்து எடுத்தோம் என்பதை ஒப்புக்கொள்ளும் இப்பழக்கம் பிற்காலத்தில் வழக்கொழிந்தது. வள்ளுவரும் 1038ஆம் குறளில் எருவைத் தொட்டிருக்கிறார். ஆனால் அடிக்குறிப்பு இல்லை, நெறியாளர் பெயர் இல்லை, பக்க எண்ணிக்கையும் போதாது. எனவே தள்ளப்பட்டது.

கலன்: 20 லிட்டர் பெயிண்ட் வாளி. ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அடியிலும் சுற்றிலும் விரல் இடைவெளியில் துளையிட வேண்டும். அடியில் இரண்டு செங்கல். காற்று உள்ளே போகவும் தண்ணீர் வெளியே வரவும் வழியில்லாவிட்டால் மேற்படி கருதுகோள் உடனே நிரூபணமாகும். பெரிய குவியல் 60 டிகிரி வரை சூடேறும். வாளியில் கையை விட்டால் வெதுவெதுப்பு தெரியும், அவ்வளவே.

இடுபொருள்களின் வகைப்பாடு வருமாறு. காய்கறித் தோல்: மட்கும். டீத்தூள்: மட்கும். முட்டை ஓடு: மட்கும், தாலுகா ஆபீஸில் கொடுத்த மனுவைப் போல. எலும்பு, மீந்த குழம்பு: போடக்கூடாது, நாய் வரும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல்: தனி நூலே எழுதலாம். திண்டிவனத்தில் இதற்கென எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்கள் அவ்வூர்ப் பெயரைத் தாங்கியவை. அங்கே பயிரை ஆய்கிறார்கள். தோல் நமக்கு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 30 பங்கு கரிச்சத்து இருந்தால் மட்குவது சீராக நடக்கும் என்பது விதி. அந்தக் கரிச்சத்தை வாரி வழங்குவது இந்தத் தோல்தான். “மல்லாட்டத் தோல ரெண்டு கை அள்ளிப் போடுடா, நாத்தம் அடங்கும்” (அத்தை, வாய்மொழி) என்பதற்கும் மேற்படி விதிக்கும் உள்ள வேறுபாடு, முன்னது புரியும்.

இனி மையப் பொருளுக்கு வருவோம்: திருஷ்டிப் பூசணி.

அங்காளம்மன் புற்றாக எழுந்தருளியுள்ள ஊர் மேல்மலையனூர். இலைதழையை மட்கவைக்கும் கறையான் கட்டுவதே புற்று என்பதால், களத் தேர்வுக்கு வேறு நியாயம் வேண்டியதில்லை. அமாவாசை நள்ளிரவில் ஊஞ்சல் தாலாட்டு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், வண்டிச் சக்கரம் ஏறிய எலுமிச்சை, வேப்பிலை, உடைத்த பூசணி என்று தெருவெல்லாம் இடுபொருள். பூசணி மட்கும். அதில் ஏற்றிக் கழித்த திருஷ்டி மட்குமா? மட்கிய திருஷ்டியைக் கத்தரிச் செடிக்குப் போட்டால் காய்க்குக் கண் படுமா, படாதா? இக்கேள்வியை எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை எழுப்பாதது வியப்பே.

அறிஞர் இரு கட்சியாவர். திருஷ்டி கருப்பு, ஆகவே கரிச்சத்து என்பது முதல் கட்சி (எதிர்வீட்டுப் பாட்டி, திண்ணை உரை, திருத்திய பதிப்பு, முதல் பதிப்பின்போது வாயில் வெற்றிலை இருந்தது). கண் பட்ட செடி வாடுவது அதன் தழைச்சத்தை திருஷ்டி தின்றதால்தான், ஆகவே பூசணிக்குள் இருப்பது தழைச்சத்து என்பது மறு கட்சி (ஷேர் ஆட்டோ ஓட்டுநர், வளத்தி சாலைப் பேருரைகள், மூன்றாம் தொகுதி, ஹாரன் ஒலித்த இடங்கள் நீக்கிய செம்பதிப்பு, பின்னிருக்கை அம்மாள் எழுதிய மறுப்புரையும், அதற்கு அவர் கணவர் எழுதாமல் விட்ட விளக்கவுரையும் சேர்த்துக் கட்டியது). இதைத் தீர்க்க இருநாள் தேசியக் கருத்தரங்கம் கூட்டலாம். கட்டுரை படிக்க ஐந்து நிமிடம், பொன்னாடை போர்த்த முக்கால் மணி, பணம் கட்டியவர் அனைவருக்கும் சான்றிதழ் என்ற மரபு காக்கப்படும்.

அதுவரை களத்தில் கண்டவை இவை. பூசணி பெரும்பாலும் தண்ணீர். துண்டுபோட்டு, அளவுக்கு இரு மடங்கு மல்லாட்டைத் தோல் சேர்க்காவிட்டால் வாளி சொதசொதவென்றாகும். பூசணிக்குள் வைத்த ஒரு ரூபாய், மட்குமுன்பே பக்கத்து வீட்டுப் பையனால் தரம்பிரித்து எடுக்கப்பட்டது. எலுமிச்சையின் புளிப்பு மண்புழுவுக்கு ஆகாது; நறுக்கிக் கொஞ்சமாகப் போட்டால் கேடில்லை. முழுதாகப் போட்டால் பூஞ்சணம் பூத்து அப்படியே கிடக்கும். வேப்பிலை காய்ந்தபின் போடலாம். வாரம் இருமுறை குச்சியால் கிளறி, பிடித்தால் ஈரம் தெரிந்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் வைத்தால், முடிவில் மழை பெய்த மண் வாசனையோடு கருப்பாக உதிரும்.

அந்தக் கருப்பில் எலுமிச்சை இல்லை, பூசணி இல்லை. திருஷ்டி இருந்ததா என்று சலித்துப் பார்த்தும் அகப்படவில்லை. சல்லடையில் நின்றது எலுமிச்சை மாலை கோத்த நைலான் கயிறு ஒன்றுதான், கடையில் வாங்கிய அதே பளபளப்போடு. ஆகவே அமாவாசைக்கு வரும் அன்பர்களே, அடுத்த முறை மாலையை வாழைநாரில் கட்டித் தரச் சொல்லுங்கள்.