உறைபனியும் உறைப்பும்: ஒரு வைட்ஃபீல்ட் ஆய்வு

1. ஆய்வுப்பொருள்

குளிரில் உறைவதும் நாக்கில் உறைப்பதும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவையா என்பதை மொழியறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டும் ஒரே செடியிடம் தோற்குமா என்பதே நம் கேள்வி. செடியின் பெயர் ரொகோட்டோ; ஆண்டிஸ் மலைவாசி. தாவரப்பெயர் கேப்சிகம் பியூபெசென்ஸ். இரண்டாம் சொல்லுக்குப் பூனைமயிர் படர்ந்தது என்று பொருள். இலையைத் தடவினால் புரியும். பூ ஊதா, விதை கறுப்பு. கடும் உறைபனியில் இதுவும் கருகும். ஆனால் மற்ற மிளகாய்கள் சுணங்கும் குளிரில் இது காய்க்கும்.

2. ஆய்வுக்களம்

மைசூர் மகாராஜா 1882-இல் ஆங்கிலோ இந்தியர்களுக்குக் கொடுத்த நிலத்தில் எழுந்த ஊர் வைட்ஃபீல்ட். அங்கே ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி பால்கனி. பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அது 1884 ஜனவரியில். அந்த ஒரு நாள் பெருமையில்தான் ஊர் இன்னும் ஸ்வெட்டர் விற்கிறது.

ஒப்பீட்டுக்கு இருவர்: பக்கத்துத் தொட்டியில் சம்பா மிளகாய், சோபாவில் திருநெல்வேலியிலிருந்து வந்த அம்மா.

3. குளிர்ச் சோதனை

விதை முளைக்க மூன்று வாரம் ஆனது. "ஏல, செத்த வெதைக்கு எதுக்குத் தண்ணி ஊத்துத?" என்று அம்மா தினமும் இடைக்கால அறிக்கை வெளியிட்டாள். நவம்பர் கடைசியில், காலை 16 டிகிரியில், ரொகோட்டோ பூத்தது. சம்பா வளராமல் முழித்துக்கொண்டு நின்றது. அம்மா இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா. தரவரிசை: ரொகோட்டோ முதலிடம், சம்பா இரண்டாமிடம், அம்மா போட்டியிலிருந்து விலகல்.

4. சமையலறைச் சோதனை

பிப்ரவரியில் ஏழு காய் பழுத்தது. சதை தடிமன், வெயிலில் போட்டால் காய்வதற்குள் அழுகும். ஆகவே வத்தல் இல்லை, மோர்மிளகாய் இல்லை. பெருவின் அரெகிப்பாவில் இதற்குள் இறைச்சி அடைத்துச் சுடுகிறார்கள். நாங்கள் உருளைக்கிழங்கு மசால் அடைத்து பஜ்ஜி போட்டோம். காரம் குடியிருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில். அதை நீக்க மறந்தது ஆய்வாளரின் பிழை.

"கொடமொளகா குட்டிதானல" என்று அம்மா கடித்தாள். 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் அதே ஏற்பியில்தான் மிளகாயின் கேப்சைசினும் போய் ஒட்டுகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. அம்மாவுக்குத் தயிர் கிடைத்தது. இரண்டு ஸ்வெட்டரும் ஒரு நிமிடத்தில் கழன்றன.

5. முடிவு

ஏப்ரலில் பால்கனி 35 டிகிரியைத் தொட்டதும் ஊதாப் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சம்பா காய்த்துத் தள்ளியது. ஊர் வாயை எரிக்கும் செடிக்கு வெயில் ஆகவில்லை! எனவே வைட்ஃபீல்டில் ரொகோட்டோவுக்குக் குளிர் ஒரு பொருட்டே அல்ல, வெயில்தான் சிக்கல். ரொகோட்டோ வளர்ப்போர் மார்ச் முதல் மே வரை நிழல்வலை கட்டுக. பஜ்ஜிக்கு முன் நரம்பெடுக்க மறவாதீர். தயிரை முதலிலேயே உறை ஊற்றி வைக்கவும்.