அழைத்தது ஒருவரை, வந்தது குடும்பத்தோடு

கேள்வி: மென்பொருளைத் தொகுக்கும்போது, கட்டாயமில்லாத நூலகம் ஒன்றைச் சேர்க்கவா என்று கேட்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று சேர்த்துவிடலாமா?

பதில்: இன்றைக்கு அதற்கு வேலை இருந்தால் மட்டும் சேருங்கள். தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சுக்கு, தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நூலகம் தேவையே இல்லை. 'நான் தயார்' என்று, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்வதற்காக டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்கள் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் லிப்சிஸ்டம்டி என்ற நூலகத்தை இணைத்தன. அழைத்தது ஒருவரை, அவர் குடும்பத்தோடு வந்தார், அதில் எக்ஸ்இசட்டும் இருந்தது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒளித்துவைத்த பின்வாசலை 2024 மார்ச்சில் மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் அம்பலப்படுத்தினார். அதற்காக வசதியை இழப்பதா என்பீர்கள். இழக்க வேண்டியதில்லை. அந்தத் தகவலை அனுப்பக் கொஞ்சம் நிரலே போதும். அதே ஆண்டு வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8 லிப்சிஸ்டம்டி இல்லாமலே அதைச் செய்தது. எல்லாவற்றையும் நாமே எழுதிக்கொள்ளலாம் என்றும் கிளம்பிவிடாதீர்கள்: குறியாக்கம் போன்றவற்றில் பலர் சோதித்த நூலகத்தைச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு.