பேர்தான் குப்பை மீன்

அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்றொரு மீன் உண்டு. எழுத்தில் உள்ளபடியே படித்தால் ஆங்கிலத்தில் 'மட்டமான சரக்கு' என்று அர்த்தம் வந்துவிடும். தெற்கு மாநிலத்துக்காரர்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் அப்படியே சொல்கிறார்கள். வடக்கே போனால் வாயைக் கொஞ்சம் குவித்து, பயிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்போல மாற்றிக்கொள்கிறார்கள். தமிழுக்கு இந்தச் சங்கடமே கிடையாது. இரண்டையும் 'கிராப்' என்றுதான் எழுத முடியும். நமக்கு அதைக் கேட்டால் சலூன் ஞாபகம் வரும், அவ்வளவுதான். லூசியானாவில் வம்பே வேண்டாமென்று 'சக்கலே' என்று பெயர் வைத்து, அதையே மாநில நன்னீர் மீனாகவும் அறிவித்துவிட்டார்கள்.

இதற்கு 'காகித வாய்' என்றும் ஒரு பட்டப்பெயர். வாயோரச் சவ்வு அவ்வளவு மெல்லிசு. இது தெரியாமல்தான் இந்தக் கட்டுரைக்காரர், டென்னசியில் ரீல்ஃபுட் ஏரியில், இரவல் தூண்டிலோடு படகில் உட்கார்ந்திருந்தார். தக்கை முங்கியது. கண்மாயில் கெண்டை பிடித்த பழைய வீரத்தில் ஒரே சுண்டாகச் சுண்டினார். முள் அவர் காதை உரசிக்கொண்டு பறந்துபோய் மரக்கிளையில் மாட்டியது. மீன் ஏரியிலேயே இருந்தது. படகுக்காரர் ஒன்றும் பேசவில்லை. தொப்பியை மட்டும் மூக்குவரை இறக்கிவிட்டுக்கொண்டார். தோள் குலுங்கியதை வைத்துத்தான் விஷயம் புரிந்தது.

கிராப்பி மேலே பார்த்துச் சாப்பிடுகிற ஜாதி. இரை தலைக்கு மேலே தொங்கினால் ஏறி வந்து கவ்வும். ஒரு முழம் கீழே இறங்கிவிட்டதோ, சீண்டாது.

அந்த ரீல்ஃபுட் ஏரி பிறந்ததே ஒரு ரகளையில். 1811-12 குளிர்காலத்தில் நியூ மாட்ரிட் பகுதியில் அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்களில் தரை தாழ்ந்து, காடு அப்படியே தண்ணீருக்குள் போயிற்று. சைப்ரஸ் மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் உள்ளே நிற்கின்றன. மரக்கட்டை என்றால் கிராப்பிக்கு உயிர். நிலநடுக்கம் வந்து உதவாத ஏரிகளில் மனிதர்களே அந்த வேலையைச் செய்கிறார்கள்: பண்டிகை முடிந்ததும் கிறிஸ்துமஸ் மரங்களைச் சேகரித்து, சிமெண்டுக் கல்லைக் கட்டி ஏரியில் இறக்குகிறார்கள். அரசுத் துறைகளே செய்வதும் உண்டு. தனியாகப் போட்டவர், எங்கே போட்டார் என்பதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்.

வசந்தத்தில் தண்ணீரின் சூடு 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் ஆகும்போது மீன் கரையோரம் முட்டையிட வரும். டாக்வுட் மரம் பூத்துவிட்டதா என்று பார்த்துப் படகை எடுப்பவர்களும் உண்டு. பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் இருப்பதும் துடுப்பால் விசிறிவிடுவதும் அப்பா மீன். அந்த அப்பாவைப் பிடிக்க, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு இன்னொரு அப்பா விடிகாலையிலேயே ஏரிக்கு வந்துவிடுகிறார்.

வந்தவர் சும்மா வருவதில்லை. படகின் முன்பக்கம் எட்டுத் தூண்டில்களை விசிறிபோல விரித்து வைக்கிறார். அதற்குச் 'சிலந்தி' முறை என்று பெயர். நுனியில் கட்டும் ஜிக் என்ற போலி இரையோ ஒன்றிரண்டு கிராம்தான். இது போதாதென்று 2018-இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் வந்தது. தண்ணீருக்குள் நடப்பதை ஒலியலை மூலம் அப்போதைக்கப்போதே திரையில் காட்டும் கருவி. முன்பெல்லாம் வெறுங்கையோடு திரும்பினால் "இன்னைக்கு மீனே இல்லப்பா" என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது நாற்பது மீன் இருப்பதும், நாற்பதும் அவருடைய இரையை வேண்டாமென்பதும் திரையில் தெரிகிறது. இவ்வளவு செலவழித்து அவமானப்பட வேண்டுமா என்பது கட்டுரைக்காரரின் தனிப்பட்ட சந்தேகம்.

ஒரு கிலோவை நெருங்கினாலே 'ஸ்லாப்' என்று கொண்டாடுகிறார்கள் (நாம் அடுப்பு வைக்கிற ஸ்லாப் அல்ல). கிராப்பியில் வெள்ளை, கறுப்பு என்று இரண்டு வகை. வெள்ளைக் கிராப்பியின் உலகச் சாதனை 5 பவுண்டு 3 அவுன்ஸ். மிசிசிப்பியின் எனிட் அணையில் 1957-இல் பிடித்தது. கறுப்புக் கிராப்பியின் சாதனை 2018-இல் டென்னசியில் பிடிபட்டது. 5 பவுண்டு 7 அவுன்ஸுக்குக் கொஞ்சம் மேலே. வெள்ளைக்கும் கறுப்புக்கும் பிறந்த கலப்பாக இருக்குமோ என்று சந்தேகம் வர, துடுப்பில் துளி வெட்டி மரபணுச் சோதனை நடத்தினார்கள். சுத்தக் கறுப்பு என்று முடிவு வந்த பிறகுதான் சான்றிதழ்.

அது பிடிபட்டது பெயர்பெற்ற ஏரி எதிலும் இல்லை. யாரோ ஒருவருடைய சொந்தக் குட்டையில்.