கோப்பு எங்கே போனது? பதில் இரண்டு மதிப்பெண்

பெறுநர்: இயக்குநர், அரசுத் தேர்வுகள் இயக்ககம், சென்னை-6.
பொருள்: டெஸ்க்டாப்பைப் பற்றி என்ன கேட்பது? மணலி அருகே சடையங்குப்பத்திலிருந்து விண்ணப்பம்.

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் விண்டோஸும் உபுண்டுவும் பாடம். பயிற்சி வினாக்கள் கறாரானவை. கோப்பின் பெயரை மாற்றும் விசை எது? எஃப்2. விண்டோஸ் எக்ஸ்பியிலும் 7-லும் 'ஹைபர்னேட்' என்றால் என்ன? பாடநூல் வந்தது 2018-இல்; எக்ஸ்பியை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிவிட்டது. வரலாற்றுப் பாடத்தின் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் இந்தப் பெருந்தன்மை பாராட்டுக்குரியது.

டெஸ்க்டாப்பின் முகம் நிலைப்பதில்லை. 2012-இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை எடுத்தது; அடுத்த ஆண்டு 8.1 திருப்பிக் கொடுத்தது. 2021-இல் விண்டோஸ் 11 அதை நடுவுக்கு நகர்த்தியது. உபுண்டு 2017 அக்டோபரில் யூனிட்டி என்ற டெஸ்க்டாப்பை விட்டு நோமுக்குப் போனது. இத்தனை இடமாற்றம் அரசு ஊழியருக்குக்கூடக் கிடையாது. உலக அளவிலான எல்பிஐசி-1 லினக்ஸ் தேர்வு, பலவகை டெஸ்க்டாப்கள் இருப்பதை அறிந்தால் போதும் என்கிறது. எழுத்தைப் பெரிதாக்குவது, திரைவாசிப்பான் போன்ற வசதிகளுக்கோ தனித் தலைப்பே வைத்திருக்கிறது.

நிலைப்பவை வேறு: கோப்பு எங்கே, எந்தப் பெயரில் இருக்கிறது என்பன. மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் லாரி எண்ட்ரி போடும் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொதுக் கோப்புறையில் உள்ள எக்செல் கோப்பு பக்கத்து மேசையில் திறந்திருக்கிறது. இவர் திறந்தால் 'ரீட்-ஒன்லி' என்கிறது திரை. படிக்காமல் ஓகே அழுத்தி, எண்ட்ரி போட்டு, முடிவில் வேறு பெயரில் சேமிக்கிறார். காலை லாரிகள் ஒரு கோப்பில், மாலை லாரிகள் இன்னொன்றில். எஃப்2 இங்கே கைகொடுக்கிறது: இரண்டாவதற்கு 'பைனல்' என்று பெயர் வைக்க.

ஹைபர்னேட்டும் வீணான கேள்வியல்ல. கொசஸ்தலை ஆறு பெருகிச் சடையங்குப்பத்தில் மின்சாரம் நிற்கும் நாளில், சார்ஜ் தீரும் மடிக்கணினியில் 'ஸ்லீப்' போட்டால் சேமிக்காதது போய்விடக்கூடும். ஹைபர்னேட் நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு அணையும். கேட்க வேண்டியது இந்த வேறுபாட்டை.

இதே வகுப்பின் செய்முறைத் தேர்வின் 20 மதிப்பெண்ணும் சி++ நிரலைச் சுற்றியே இருக்கிறது. அதில் ஐந்தை ஒதுக்கி, முன்பின் பார்க்காத டெஸ்க்டாப் ஒன்றில் மாணவரை உட்காரவைத்து, பென் டிரைவிலுள்ள கோப்பைத் திருத்தி, வேறிடத்தில் சேமித்து, மூடிவிட்டு, மறுபடி தேடி எடுத்துக் காட்டச் சொல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.