ரைட்டர் ஐயாவின் இலக்கணம்

ஸ்டேஷன் ரைட்டருக்குத் 'திருட்டு' என்ற சொல் ஒத்துக்கொள்ளாது. சிலருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாத மாதிரி. மனுவில் அந்தச் சொல் கண்ணில் பட்டதும் பேனாவை மூடி வைப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், எதிரே நிற்பவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்ப்பார். "ஏந்தம்பி, திருடுனத நீ பாத்தியா?" "இல்லீங்க சார்." "பாக்காம எப்படித் திருட்டுன்னு எழுதறே?" பார்த்தேன் என்று சொல்லியிருந்தாலும் பயனில்லை, "பாத்துட்டு ஏன் புடிக்கல?" என்ற கேள்வி தயாராக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சந்துதான் திறந்திருக்கிறது, அதை அவரே காட்டுவார். வெளியே கடையில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி வந்து, 'எனது கைப்பேசியைத் தவறவிட்டுவிட்டேன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். எழுதாவிட்டால் பெஞ்சில் உட்காரலாம். இன்ஸ்பெக்டர் ஐயா பந்தோபஸ்து முடிந்து வரும்வரை.

தமிழ் வினைச்சொல்லின் நெளிவுசுளிவை இவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்துகிறவர் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையிலும் கிடைப்பது அரிது. 'திருடினான்' என்றால் எழுவாய் யார் என்று தேடியாக வேண்டும். 'திருடப்பட்டது' என்று செயப்பாட்டுவினையாக்கினாலும் 'யாரால்?' என்ற கேள்வி வாலைப் பிடித்துக்கொண்டு வரும். 'திருடு போனது' சற்று மென்மை, ஆனால் அந்த ஒத்துக்கொள்ளாத சொல் உள்ளேயே இருக்கிறது. 'காணாமல் போனது' பரவாயில்லை, போன் தானாகக் கிளம்பி எங்கோ போய்விட்ட தோரணை. எல்லாவற்றிலும் உயர்ந்தது 'தவறவிட்டேன்'. எழுவாய் 'நான்'. ஆள் எதிரிலேயே நிற்கிறார். சொல்லுக்குள்ளேயே 'தவறு' இருக்கிறது, அதுவும் மனுதாரருடைய தவறு. தேடுதல் வேட்டை, தனிப்படை, கேமரா பதிவு எதுவும் தேவைப்படாமல், புகார் கொடுக்கிற நிமிடத்திலேயே குற்றவாளி பிடிபட்டுவிடுகிறார். திருப்பூரில், பெருமாநல்லூர் சாலையில் சனிக்கிழமை இரவு, வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அறைக்கு நடந்து போகிற பவர்டேபிள் டெய்லரின் கையிலிருந்து, பைக்கில் வந்த இருவர் போனைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்று வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா இதற்கென்றே 304-ஆம் பிரிவை வைத்திருக்கிறது. பறிப்பு, மூன்றாண்டு வரை சிறை. ரைட்டர் கை வைத்த மனுவிலோ 'நடந்து சென்றபோது எனது கைப்பேசி எப்படியோ தவறிவிட்டது' என்றிருக்கும். பைக்கும் இல்லை, இருவரும் இல்லை, பாதி தெரிந்த நம்பர் பிளேட்டும் இல்லை. எந்தப் பத்திரிகை உதவியாசிரியரும் ஒரு கட்டுரையை இவ்வளவு கூசாமல் வெட்டியதில்லை.

வெட்டி முடித்ததும் ஒரு ரசீது தருவார்: சி.எஸ்.ஆர். எண் உண்டு, தேதி உண்டு, முத்திரை உண்டு. வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பலர் கேஸ் போட்டாகிவிட்டது என்றே நம்புகிறார்கள். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் இந்தச் சமுதாயப் பணிப் பதிவேட்டுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடமே கிடையாது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கான அடையாளச் சீட்டு அது, செருப்பு விடுகிற இடத்தில் தருகிற டோக்கனைப் போல. முதல் தகவல் அறிக்கையின் ஜாதகம் வேறு. பதிந்தால் அதன் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போகிறது. அங்கே போனதைப் பிறகு யாரும் கிழித்துப் போட முடியாது. சம்பவ இடத்துக்குப் போய் மகஜர் எழுத வேண்டும், வரைபடம் போட வேண்டும், சாட்சிகளிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும், கேஸ் டைரி எழுத வேண்டும், கடைசியில் இறுதி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். ஆள் சிக்காவிட்டால் 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்று முடித்து, அதைப் புகார்தாரருக்கும் தெரிவிக்க வேண்டும். பெற்றால் வளர்த்தாக வேண்டும். அதனால்தான் ரைட்டர் பிரசவத்தையே தவிர்க்கப் பார்க்கிறார்.

அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. காவல் நிலையத்தின் ஞாபகசக்தியே அவர்தான். எந்தப் பழைய கேஸ் எந்தக் கோர்ட்டில் நிற்கிறது, எந்தச் சம்மனை யார் கொடுக்காமல் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். முதலமைச்சர் வருகை, தேர்த் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று பாதிப் பேர் பந்தோபஸ்துக்குப் போனபிறகும் மேசையை விட்டு எழ முடியாத ஜீவன். மாதாந்திரக் கிரைம் மீட்டிங்கில் எண்களை வைத்து நிற்கவைத்துக் கேள்வி கேட்கப்படுவது இன்ஸ்பெக்டர். அந்த எண்களைத் தயாரித்துத் தருகிறவர் இவர். போன மாதம் ஐந்து திருட்டு, இந்த மாதம் பன்னிரண்டு என்றால் 'என்னய்யா பண்றே?' என்பார்கள். கண்டுபிடித்தது எத்தனை சதவீதம் என்பார்கள். கண்டுபிடிக்கும் சதவீதத்தை உயர்த்த இரண்டு வழி உண்டு. மேலே உள்ள எண்ணைக் கூட்டுவது கஷ்டம், கீழே உள்ள எண்ணைக் குறைப்பது சுலபம். வகுத்தல் கணக்கு தெரிந்த யாரும் செய்வதைத்தான் அவர் செய்கிறார்.

இந்தக் கலைக்கு இந்தியக் காவல்துறை அறிக்கைகளில் ஒரு பெயரே உண்டு: 'பர்க்கிங்'. எடின்பரோவில் ஆட்களை உடலில் காயம் தெரியாமல் மூச்சடைத்துக் கொன்று, பிணங்களை மருத்துவப் பாடத்துக்கு விற்று, 1829-இல் தூக்கில் தொங்கிய வில்லியம் பர்க்கின் நினைவாக வந்த சொல். வழக்கையும் அப்படியே, காயம் தெரியாமல். 1977-இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையமும் வழக்குகள் இப்படிப் பதியப்படாமல் போவதைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியது. பிரிட்டனில் 2014-இல் அரசின் காவல் ஆய்வு அமைப்பு கணக்குப் பார்த்தபோது, போலீஸிடம் சொல்லப்பட்ட குற்றங்களில் 19 சதவீதம் பதிவேட்டுக்கே வரவில்லை என்று தெரிந்தது. ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேல். ஆக நம் ரைட்டர் தனி ஆள் இல்லை. ஒரு சர்வதேசச் சங்கத்தின் திருப்பூர்க் கிளை.

சின்ன விஷயத்துக்கெல்லாம் கேஸ் போட்டால் கொலை, கொள்ளையை யார் பார்ப்பது என்று அவர் சார்பில் கேட்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது சின்னது? சட்டமே ஒரு கோடு போட்டிருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின்படி 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டு, போலீஸ் தானாகப் புலனாய்வு செய்யக்கூடிய குற்றமில்லை. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். ரைட்டருக்கு இது தீபாவளி போனஸ். எழுத்தராக இருந்தவர் இப்போது மதிப்பீட்டாளராகவும் ஆகிவிட்டார். "எப்ப வாங்குனது? ரெண்டு வருசமா? டிஸ்ப்ளேல கீறல் இருந்துச்சா? நாலாயிரம் பெறுமா?" அடகுக்கடையில்கூட இவ்வளவு கறாராக விலை குறைக்க மாட்டார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு அந்தப் போன்தான் பேங்க் புத்தகம், ஊர்க் குடும்பத்தின் முகம், சூப்பர்வைசர் நாளைக்கு வேலை இருக்கிறதா என்று சொல்கிற வழி. அவருக்கு அது சின்ன விஷயமில்லை. இதுவும் போக, கொலை, கொள்ளையைப் பார்க்கவே சின்னத் திருட்டின் கணக்கு வேண்டும். ஒரே சந்தில் ஒரே சனிக்கிழமைகளில் பத்துப் போன் பிடுங்கப்பட்டது என்று பதிவேடு சொன்னால் அங்கே இரவு ரோந்து போகும். பத்துப் பேர் தவறவிட்டார்கள் என்று சொன்னால், அந்தச் சந்தில் கவனக்குறைவானவர்கள் அதிகம் வசிக்கிறார்கள் என்றுதான் முடிவுக்கு வர முடியும்.

பொய்ப் புகார் வருகிறதே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். வருகிறது. இந்த ஊரில் ஜாப் வொர்க் பாக்கி, நூல் கடன், திரும்பி வந்த செக் என்று சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டிய பாதி சண்டை 'மோசடி' என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குத்தான் முதலில் வருகிறது. அங்கே ரைட்டர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, புலனாய்வுக்குரிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று சொன்னபோதும், வணிகத் தகராறு போன்ற சிலவற்றுக்கு முன்விசாரணையை அனுமதித்தது. ஆனால் பிடுங்கப்பட்ட போன் வணிகத் தகராறு ஆகாது. பொய்யென்று பிறகு தெரிந்தால் பொய்த் தகவலைத் தண்டிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. விசாரித்துப் பொய்யென்று காண்பது போலீஸ் வேலை. வாசலிலேயே வினைச்சொல்லை மாற்றி எழுதவைத்தால், பொய்யை எழுதச் சொன்னவர் யார் என்பதுதான் கேள்வியாகும். எல்லை பற்றிய பழைய சாக்கு, நொய்யலுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா, மாநகரமா மாவட்டமா என்பது, எந்த ஸ்டேஷனிலும் பதியலாம் என்கிற ஜீரோ எஃப்.ஐ.ஆர். சட்டத்திலேயே ஏறியபிறகு செத்துவிட்டது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

எண்ணிக்கை ஏறினால் ஊருக்குக் கெட்ட பெயர், ஏற்றுமதி ஊர் வேறு என்பார்கள். இதை மற்ற ஊர்க்காரர்கள் சொன்னால் மன்னிக்கலாம், திருப்பூர்க்காரர்கள் சொல்லக் கூடாது. எந்தப் பனியன் கம்பெனியிலும் செக்கிங் டேபிளில் நிற்கிற பெண்தான் ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் பிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார். ஓட்டை போட்டது நிட்டிங் மெஷின். ஸ்டிக்கர் கூடிவிட்டது என்று செக்கிங் பெண்ணைத் திட்டுகிற முதலாளிக்கு அடுத்த மாதம் கண்டெய்னரே திரும்பி வரும். குறையே இல்லை என்று எழுதிய ரிப்போர்ட்டைப் பார்த்தால் பையரின் ஆள் சந்தோஷப்படுவதில்லை. பெட்டியை உடைத்துக் காட்டு என்பார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் கேரளம் ஆண்டுதோறும் மேல்வரிசையில் நிற்பதைப் பார்த்து அங்கே நடமாடவே பயப்படுகிறவர் உண்டா? அங்கே எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

எழுத முடியாது என்பதும் இல்லை. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது திருப்பூரிலும் வழக்குகள் பதிவாயின. தனிப்படை புறப்பட்டது, இந்தியில் உதவி எண் வந்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து தொழிலாளர்களிடம் பேசிவிட்டுப் போனது. எல்லாம் சில நாட்களுக்குள். சரியான காரியம், சரியான வேகம். நடக்காத தாக்குதலைப் பற்றிய வதந்திக்கு அத்தனை பேனாக்கள் திறந்தன. அதே தொழிலாளியிடமிருந்து நிஜமாகப் பிடுங்கப்பட்ட போனுக்குத்தான் மூடி திறக்க மாட்டேன் என்கிறது.

ரைட்டரின் இலக்கணத்தில் ஒரே ஒரு புறனடை உண்டு. என்றைக்காவது வாகனச் சோதனையில் ஒருவன் பையில் இருபது போனோடு மாட்டிக்கொள்வான். அன்றைக்கு அவருக்கு வழக்கு வேண்டும், அதுவும் அவசரமாக. பழைய சி.எஸ்.ஆர். கட்டைப் புரட்டி நம்பர் நம்பராகக் கூப்பிடுவார். "தம்பி, ஸ்டேஷன்ல இருந்து பேசறேன். வந்து ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போ. தவறவிட்டேன்னு எழுதிராத, புடுங்கிட்டுப் போனாங்கன்னு எழுது." அதே வாய். அதே பேனா. பதிவான அன்றே துப்புத் துலங்கிய இருபது வழக்குகள். அந்த மாதச் சதவீதம் கிரைம் மீட்டிங்கில் பாராட்டு வாங்கும்.

இந்தக் கூத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர் குறைந்தபட்சம் தன்னை என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டாவது வெளியே வருகிறார். ஒடிசாவிலிருந்து வந்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு மனுவை வேறு யாரோ தமிழில் எழுதித் தருகிறார்கள். இரண்டு பேர் வந்தார்கள், பைக், கறுப்புச் சட்டை என்று அவன் கையால் காட்டிக்கொண்டே இருக்கிறான். ரைட்டர் தலையை ஆட்டியபடி தாளின் அடியில் விரல் வைத்து இடம் காட்டுகிறார். போனைத் தொலைத்தவன் நான்தான் என்று சொல்கிற வாக்கியத்துக்குக் கீழே, அவன் தன் பெயரை உருண்டை உருண்டையான ஒடியா எழுத்தில் நிதானமாக எழுதிவிட்டு, "தேங்க்யூ சார்" என்கிறான்.