கேட்டவனுக்கு மட்டும்

காரைக்காலில் கல்யாண மண்டபமோ லாட்ஜோ, எங்கே கேமரா மாட்டினாலும் அங்கே ஒரு அண்ணன் வந்து நிற்பார். வாத்தியார் சட்டைப்பையில் பேனா மாதிரி இவர் பையில் டெஸ்டர். கோயிலில் தட்டில் போடச் சில்லறை எடுத்தால் கூடவே இரண்டு ஆர்ஜே-45 கனெக்டரும் விழும். ஊர் வைத்த பெயர் ‘சுவிட்ச் அண்ணன்’.

ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வருகிறார். மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கிறது. ஊரே காரைக்கால் அம்மையாரை நினைத்துக் கையேந்தி நிற்க, அண்ணன் என் காதில் கத்தினார்: “தம்பி, இதுதான் பிராட்காஸ்ட்! வேணும்னவன், வேணாம்னவன் எல்லார் தலையிலயும் விழும். மல்டிகாஸ்ட்டுன்னா பேப்பர் போடுற பையன் மாதிரி. சந்தா கட்டின வீட்டுக்கு மட்டும்தான்.” அந்த நேரம் பார்த்து ஒரு பழம் அவர் உச்சந்தலையில் விழுந்தது. அவர் கேட்டு வாங்கியதல்ல.

திருநள்ளாறு லாட்ஜ் ஒன்றில் நான் பார்த்தது இது. கேமரா 16. படத்தை ரிசப்ஷனிலும் முதலாளி அறையிலும் பார்க்க வேண்டும் என்று எல்லாம் மல்டிகாஸ்ட்டில் ஓடியது. சுவிட்சோ, யாருக்கு வேண்டும் என்று தெரியாமல் எல்லா போர்ட்டிலும் கொட்டியது. பச்சை விளக்குகள் கார்த்திகை தீபமாய்ச் சிமிட்ட, வைஃபை நொண்டியது. அண்ணன் ‘ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்’கைப் போட்டார். யார் எந்தப் படத்தைக் கேட்கிறார்கள் என்று சுவிட்ச் ஒட்டுக்கேட்டு, கேட்டவனுக்கு மட்டும் கொடுக்கும் வித்தை அது. விளக்குகள் அடங்கின. “டீ சொல்லுங்க” என்று காலை நீட்டி உட்கார்ந்தார்.

டீ ஆறுவதற்குள் படம் உறைந்துவிட்டது.

முதலாளி முறைத்தார். அண்ணன் கீபோர்டின் பக்கம் குனிந்தார், பிறகு தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். “சந்தா இன்னும் வேணுமான்னு 125 செகண்டுக்கு ஒரு தடவை கேட்க ஏஜெண்ட் ஒருத்தன் வேணும், முதலாளி. இங்க ரவுட்டர் அந்த வேலையப் பார்க்கல. 260 செகண்ட் யாரும் கேக்கலேன்னா சுவிட்ச் பேரை அடிச்சிடும்.” ‘குவெரியர்’ வேலையைச் சுவிட்சின் தலையிலேயே கட்டினார். படம் வந்தது. ஊர் அண்ணன்களில் பாதிப்பேர் இந்த இடத்தில் ஸ்னூப்பிங்கையே நிறுத்திவிட்டு, “கேமரா மட்டம்” என்று பில் போட்டிருப்பார்கள். அந்த வகையில் இவர் உத்தமர்.

ஆனால் வாய்? அது ஸ்னூப்பிங் இல்லாத சுவிட்ச். ஒரு கல்யாணப் பந்தியில், 224.1.1.1-க்கும் 225.1.1.1-க்கும் ஈதர்நெட்டில் ஒரே மேக் முகவரிதான், இப்படி 32 மல்டிகாஸ்ட் குழு ஒரே கதவைத் தட்டும் என்று மாப்பிள்ளையிடம் விளக்கினார். மாப்பிள்ளை பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இலைக்காரருக்கும் அதே பாடம் நடந்தது. பரிமாற வந்தவரையும் விடவில்லை.

1989-இல் வந்த ஐஜிஎம்பி முதல் பதிப்பில் குழுவில் சேரச் செய்தி உண்டு, விலகச் செய்தி கிடையாது. அது 1997-இல் இரண்டாம் பதிப்பில்தான் வந்தது. அண்ணன் முதல் பதிப்பு. பாரதியார் சாலையில் அவர் எதிரே வந்தால் வணக்கம் சொல்லுங்கள், வழி கேளுங்கள், தப்பில்லை. தலையை மட்டும் ஆட்டிவிடாதீர்கள்.