மூன்று டப்பா ரகசியம்

கே: வயது 23, மேன்ஷன் வாசம், மெஸ் சாப்பாடு. மூன்று வாரமாக லூஸ் மோஷன். மெடிக்கலில் மூன்று தடவை மாத்திரை வாங்கிப் போட்டேன். நிற்கிறது, திரும்ப ஆரம்பிக்கிறது. ஏன்?

ப: கவுன்டரில் இருந்தவர் கத்தரித்துக் கொடுத்த மாத்திரைக்கு, உள்ளே குடியிருப்பது யாரென்று தெரியாதே! பேதியில் 14 நாள் ஒரு எல்லைக்கோடு. அதற்குள் நிற்பது பெரும்பாலும் வைரஸ், பாக்டீரியா கைவரிசை; தானாகவே போய்விடும். 14 தாண்டினால் சந்தேகப் பட்டியலே மாறுகிறது. முதல் பெயர் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி. ஏப்பத்தில் அழுகிய முட்டை வாடை, வயிற்று உப்புசம், எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம், காய்ச்சலும் ரத்தமும் இல்லை, பேன்ட் மட்டும் லூஸாகிறது என்றால் அநேகமாக இவர்தான். 1681-ல் லீவன்ஹூக் என்ற டச்சுக்காரர் தன் நுண்ணோக்கியில் இதைப் பார்த்தார். மாதிரிக்கு வெளியே அலையவில்லை, அவருக்கே பேதி!

கே: மோஷன் டெஸ்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்ததே?

ப: ஜியார்டியா தினமும் அட்டெண்டன்ஸ் போடாது. ஒரு நாள் மலத்தில் தென்படும், மறுநாள் லீவு. அதனால்தான் வெவ்வேறு நாளில் மூன்று டப்பா கேட்பது. ஆன்டிஜென் டெஸ்ட் இருந்தால் இன்னும் நல்லது. டப்பாவை ஸ்கூட்டர் டிக்கியில் மத்தியானம் வரை வேகவைக்காதீர்கள். சிறுநீரும் கலக்கக் கூடாது. சமீபத்தில் போட்ட ஆன்டிபயாடிக்கை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதன் பின்னாலேயே சி. டிஃபிசில் என்ற பாக்டீரியா தரும் பேதி ஒன்று உண்டு. ஹெச்.ஐ.வி. டெஸ்ட்டும் எழுதினால் முறைக்க வேண்டாம். எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பில் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் வாரக்கணக்கில் தங்கிவிடும்.

கே: ஜியார்டியா என்று தெரிந்துவிட்டால்?

ப: பெரியவர்களுக்கு வழக்கமாக டினிடசோல் 2 கிராம், ஒரே வேளை. டாக்டர் எழுதித்தான். நண்பனின் பர்த்டே பார்ட்டியைத் தள்ளிப்போடுங்கள். இந்த மருந்துக்கும் மதுவுக்கும் ஆகாது. அமீபா என்றால் மெட்ரோனிடசோலோடு முடியாது, குடலில் ஒளிந்திருக்கும் மிச்சத்தைத் துடைக்க இரண்டாவது மருந்தும் வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கே: ஆபீஸ் மீட்டிங். அடைத்து நிறுத்த லோபரமைடு?

ப: ரத்தம், சீதம், காய்ச்சல் இருந்தால் கூடாது. திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டின கதை.

கே: டிரிப்ஸ் ஏற்றினால்தான் தெம்பு வருமாம், அம்மா சொல்கிறார்.

ப: 1971, வங்கதேச அகதிகள் முகாம், காலரா. டிரிப்ஸ் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரையே குடிக்கக் கொடுத்தார். சாவு சுமார் 30 சதவீதத்திலிருந்து 4-க்கும் கீழே இறங்கியது. வாந்தியில்லாமல் குடிக்க முடிகிறவரை உங்களுக்கும் அதே ஓ.ஆர்.எஸ். போதும். நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, எழுந்தால் தலை சுற்றினால் அம்மா சொல்வதே சரி.

கே: மருந்து முடிந்து கிருமியும் போய்விட்டது. காபி குடித்தால் மட்டும் மறுபடி ஓட்டம்?

ப: குற்றவாளி காபியில்லை, பால். அடிபட்ட குடலுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் திரும்பச் சில வாரம் ஆகும். அதுவரை கடுங்காப்பி.